தம்பி வண்டிக்கு ஸ்டேஜ் த்ரீ

தம்பியின் பிக்கப் வண்டி வருவது இப்போதெல்லாம் அக்காவுக்கு முதலில் காதில் விழுவதில்லை, காலில்தான் தெரியும். செடி நர்சரியின் தகரக் கூரை நடுங்கும். மேசையில் இருக்கும் டீ டம்ளர் தானாக விளிம்பைப் பார்த்து நகரும். தட்டுகளில் நேற்று முளைத்த நாற்றெல்லாம், முளைத்தது தப்போ என்கிற மாதிரி ஆடும். அதற்கப்புறம்தான் சத்தம். சத்தம் வந்து, அடங்கி, மறுபடியும் வந்து, அக்கா டம்ளரை நடு மேசைக்கு இழுத்து வைத்த பிறகு ஒருவழியாக வண்டி வரும்.

"கேட்டியாக்கா?" என்பான் தம்பி, இறங்கியதும் இறங்காததுமாக.

"கேக்காம? பக்கத்து ஊர்லயும் கேட்டிருக்கும்."

அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்குப் பாராட்டுக்கும் திட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மற்றதில் எல்லாம் மகா ரோஷக்காரன். அக்காவின் வீட்டுக்காரர் ஒருமுறை சாப்பிடும்போது, "ஏன் மச்சான், ரிவர்ஸ் எடுக்க மட்டும் தனியா ஒரு ஆள் போட்டுக்கலாமா?" என்று கேட்டுத் தொலைத்தார். விளையாட்டுக்குத்தான். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்து போனவன், வருஷக்கணக்கில் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. அதற்கும் முன்னால் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபோது முதலாளி ஏதோ முணுமுணுத்தார் என்று வண்டிச் சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தவன். அப்போது வண்டி முதலாளியுடையது. இப்போது வண்டி அவனுடையது. கோபம் வந்தால் சாவியை வைத்துவிட்டுப் போக மாட்டான், வண்டியோடு போய்விடுவான்.

போனால் நர்சரியின் கதி அதோகதிதான். மண் மூட்டை, உரம், தொட்டி, மரக்கன்று எல்லாமே அவன் வண்டியில்தான் போக வேண்டும், வர வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, வேறு வண்டி வைத்துக்கொள்ளலாம். வேறு தம்பி வைத்துக்கொள்ள முடியாதே. அவன் வீட்டுப் பக்கம் வராமல் இருந்த அந்த வருஷங்களில் அக்கா பட்ட வேதனை கொஞ்சமில்லை. அதனால் தம்பியிடம் எதைச் சொல்வதானாலும் அவள் வார்த்தையைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவாள்.

இந்த நிலையில்தான் ஸ்டேஜ் அண்ணன் வந்து சேர்ந்தார்.

ஸ்டேஜ் அண்ணன் நாடக மேடை ஏறியவர் இல்லை. ஊர் வண்டிகளுக்கெல்லாம் சக்தி ஏற்றித் தருபவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் அதில் அவருக்கு ஸ்டேஜ் ஒன், ஸ்டேஜ் டூ என்று படிப்படியாக முன்னேற்றம் தெரியும். ஒரு நாள் தம்பியின் வண்டியைச் சுற்றி வந்து, பானெட்டில் காதை வைத்துக் கேட்டு, பெருமூச்சு விட்டார்.

"மூச்சு முட்டுதுப்பா இதுக்கு. காத்தை இழுக்கிற எடத்துலயும் அடைப்பு, விடுற எடத்துலயும் அடைப்பு. கம்பெனிக்காரன் வேணும்னே கட்டிப்போட்டு வெச்சிருக்கான்."

எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் நூற்றுக்கணக்கான இஞ்சினியர்கள் கூடி, தம்பியின் வண்டி மட்டும் முன்னுக்கு வந்துவிடக் கூடாது என்று சதி செய்திருக்கிறார்கள். தம்பி அதை நம்பினான். இத்தனை வருஷம் அந்த வண்டி மண் மூட்டையை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு எந்த மேட்டிலும் முனகாமல் ஏறியது அவன் ஞாபகத்துக்கு வரவே இல்லை. தன்னையும் யாரோ அப்படித்தான் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் இருந்தது. வண்டிக்காவது விடுதலை கிடைக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ.

ஸ்டேஜ் ஒன்னில் ஏர் ஃபில்டர் பெட்டி போனது. கம்பெனி வைத்திருந்தது அழகில்லாத கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. ஆனால் அதன் மூக்கு வெளிப்பக்கமாக, முன் சக்கரத்துக்கு மேலே, குளிர்ந்த காற்று கிடைக்கும் இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, செக்கச்செவேல் என்று கூம்பு மாதிரி ஒரு திறந்த ஃபில்டரை மாட்டினார்கள். அது பானெட்டுக்குள்ளேயே இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியேட்டர் விசிறி வீசும் வெந்த காற்றை ஆசை தீரக் குடித்தது. நல்ல மூச்சு விடட்டும் என்று ஒருவனை அடுப்பங்கரையில் கொண்டுபோய் உட்கார வைத்த கதை. ஃபில்டரில் தடவியிருந்த எண்ணெய் கொஞ்சம் உள்ளே போய்க் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. "ரேஸ் மோடு," என்றான் தம்பி.

ஸ்டேஜ் டூவில் சைலன்சர் போனது. அதற்குப் பதிலாகக் கை நுழையும் அகலத்துக்குப் பளபளக்கும் குழாய் ஒன்று முன்னிருந்து பின்வரைக்கும் வந்தது. குழாய் அகலமானால் புகை தடையில்லாமல் போகும் என்பது வாஸ்தவம். இஞ்சின் தலைதெறிக்கச் சுற்றும்போது அதில் கொஞ்சம் லாபமும் உண்டு. ஆனால் டர்போ கிர்போ எதுவும் இல்லாத பழைய பெட்ரோல் இஞ்சின் அது. மெதுவாகச் சுற்றும்போது அவ்வளவு பெரிய குழாயில் புகையின் வேகம் குறைந்துவிடும், இழுவையும் கூடவே படுத்துவிடும். புதிதாகக் கிடைத்த சக்தி முழுவதும் மீட்டரின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தது. செடி ஏற்றிய வண்டிக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை.

ஒரே ஒரு முறை அந்தப் பக்கம் போனான். தன் சக்தியைத் தானே பார்த்துவிட வேண்டும் என்று, ஒரு புது வீட்டுக்காரருக்குப் போகவேண்டிய பூச்செடிகளோடு நெடுஞ்சாலையில் விரட்டிப் பார்த்தான். இறக்கும்போது தொட்டி இருந்தது, மண் இருந்தது, குச்சி இருந்தது. இலையும் பூவும் வழியெல்லாம் விநியோகமாகியிருந்தன. வீட்டுக்காரர் குச்சிகளைப் பார்த்துவிட்டு, "இது என்ன வகை?" என்று கேட்டாராம். இலையுதிர் வகை என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. கழற்றிப் போட்ட பழைய சாமான்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். நர்சரியில் ஒரு வழக்கம் உண்டு. குழிவாக எது கிடைத்தாலும் அடியில் துளை போட்டு மண் நிரப்பிவிடுவார்கள், நீளமாக எது கிடைத்தாலும் நட்டுக் கொடி ஏற்றிவிடுவார்கள். உடைந்த வாளி, பழைய ஹெல்மெட், குழந்தைகளின் குளியல் தொட்டி என்று எதுவும் தப்பியதில்லை. அந்த வழக்கப்படி கறுப்புப் பெட்டியின் அடியில் துளைகள் விழுந்தன. உள்ளே மணி பிளான்ட் போனது. பெட்டியின் மூக்கு வழியாக அது தலையை நீட்டித் தொங்கியது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பழைய சைலன்சரோடு சேர்ந்த நீளக் குழாய், பின்பக்க வேலியோரம் குத்துக்காலாக நின்று, ஊதாப் பூக்கொடி ஒன்றைச் சுமந்தது. வண்டியில் இருந்தவரைக்கும் இரண்டும் பெற்ற மரியாதையைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் நர்சரி பிழைக்க மணி பிளான்ட் போதாது. சுற்று வட்டாரத்து வீடுகளெல்லாம் தண்ணீர் கேட்காத பிளாஸ்டிக் செடிக்கு மாறிக்கொண்டிருந்தன. அக்கா கடையைப் பூட்டிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கிய நேரத்தில்தான் பெரிய மருத்துவமனையின் நிர்வாகத் தலைவி ஒரு நாள் உள்ளே வந்தார். ஊழியர்கள் முதல் நோயாளிகள்வரை அவரை மேடம் என்றுதான் சொல்வார்கள், கூடவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மருத்துவமனையின் கார் நிறுத்தும் கட்டடத்து மொட்டை மாடியில் நோயாளிகள் உலவுவதற்கு ஒரு தோட்டம் போட வேண்டும் என்றார். போட்டால் மட்டும் போதாது, வருஷம் முழுக்கப் பராமரிக்கவும் வேண்டும். மண்ணும் மரமும் லிஃப்டில் ஏறாது, கார்கள் ஏறும் ரேம்ப் வழியாக வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும். அந்த ஒரு வேலை கிடைத்தால் நர்சரி நிமிர்ந்துவிடும். இல்லை என்றால் பூட்டுத்தான்.

புறப்படும்போது அவர் கண்ணில் கறுப்புப் பெட்டி பட்டது.

"இந்தத் தொட்டி ரொம்ப வித்தியாசமா இருக்கே. எங்க கிடைச்சுது?"

"நாங்களே டிசைன் பண்றதும்மா," என்றாள் அக்கா கூசாமல்.

மேடம் அதைக் கையோடு வாங்கிப்போய்த் தன் அலுவலக ஜன்னலில் வைத்துக்கொண்டார்.

முதல் நடையை வெள்ளோட்டம் மாதிரி பார்த்துவிடலாம் என்று மேடம் நாள் குறித்தார். தம்பி வண்டியைத் துடைத்து மினுக்கி, மண் மூட்டையும் தொட்டி மரங்களுமாக ஏற்றினான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடம் மொட்டை மாடியில் காத்திருந்தார்.

ரேம்ப் ஒரு கான்கிரீட் குகை. சுற்றிச் சுற்றி மேலே போகும். அதற்குள் நுழைந்ததும் தம்பியின் குழாய், இத்தனை நாளும் இதற்காகத்தான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன் என்கிற மாதிரி முழங்கியது. ஓரத்தில் நின்ற கார் ஒன்று பயந்து போய் அலாரம் அடித்தது. அதைக் கேட்டு அடுத்தது அடித்தது. முதல் சுற்று ஏறுவதற்குள் கட்டடத்தில் இருந்த அத்தனை கார்களும் ஒப்பாரி வைத்தன. இரண்டாவது சுற்றில் சத்தம் இன்னும் கூடியது, வேகம் குறைந்தது. மூன்றாவது சுற்றில் சத்தம் மட்டும்தான் மேலே போனது, வண்டி போகவில்லை. கிளட்ச் தீய்ந்த வாடை வந்தது. பிக்கப் இல்லாத பிக்கப் ஒரு குலுக்குக் குலுக்கி நின்று, பின்னால் நழுவ ஆரம்பித்தது. அக்கா குதித்து இறங்கி, ஒரு மண் மூட்டையை இழுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

மேடம் மேலேயிருந்து நடந்தே இறங்கி வந்தார். அலாரங்கள் ஒவ்வொன்றாக ஓயும்வரை காத்திருந்தார். 

"பக்கத்துக் கட்டடம் பிரசவ வார்டு," என்றார் கடைசியில். "அங்க இருக்கிற குழந்தைங்க அத்தனையும் ஒரே நேரத்துல அழுது நான் இன்னிக்குத்தான் பாக்கிறேன்."

"இஞ்சின் இன்னும் செட் ஆகலம்மா," என்றான் தம்பி.

மேடம் அவனைப் பார்க்கவே இல்லை. "செடி நல்லா இருக்கு, உங்க வேலையும் எனக்குப் பிடிச்சிருக்கு. அதனால இன்னொரு தடவை. அடுத்த வாரம். சத்தமில்லாம மேல வரணும். வரலைன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

திரும்பி வரும்போது, அவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் தம்பியின் முகம் செத்துப்போயிருப்பது அக்காவுக்குத் தெரிந்தது. பழையதையே மாட்டிவிடு என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் கூடவே வந்தது. வண்டியை ஓரங்கட்டி, அவளை இறக்கிவிட்டு, போயே போய்விடுவான்.

"ஸ்டேஜ் டூவோட நிறுத்தினதுதான் தப்புக்கா," என்று கத்தினான் தம்பி. இரைச்சலில் கத்தித்தான் பேச முடியும். "ஸ்டேஜ் த்ரீ போட்டா எல்லாம் சரியாயிடும்!"

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் அவள் ஸ்டேஜ் அண்ணனின் பட்டறையில் நின்றாள். சுவர் முழுக்கக் குழாய்கள் ஆணியில் தொங்கின. எல்லாம் பளபளத்தன.

"அண்ணே, ஸ்டேஜ் த்ரீன்னா என்ன?"

ஸ்டேஜ் அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "அதை இன்னும் முடிவு பண்ணலம்மா."

"நான் சொல்லட்டுமா?"

சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகத்தில் முதலில் சந்தேகம் வந்தது, பிறகு மரியாதை வந்தது.

"கம்பெனிப் பெட்டியையும் கம்பெனிச் சைலன்சரையும் திரும்ப மாட்டணும், அதுக்குப் பேரு ஸ்டேஜ் த்ரீ. இதானே?"

"இதான். அந்த மஞ்சள் வெளக்கையும் அணைச்சுடுங்க."

"உங்க தம்பி தலையிலயே மொளகா அரைக்கச் சொல்றீங்க."

"நீங்க அரைச்சதைக் கழுவச் சொல்றேன்ணே. பவர் ஏறும்னு சொல்லி அவனை ஏமாத்தினது நீங்கதானே?"

ஸ்டேஜ் அண்ணனுக்கு நிஜமாகவே மனசு புண்பட்டது. "நான் என்னிக்கும் பொய் சொல்றதில்லம்மா. சத்தம் ஏறும்னு சொன்னேன், ஏறிச்சு. பவர் ஏறிச்சுன்னு அவங்களேதான் வந்து என்கிட்ட சொல்லுவாங்க. சந்தோஷமா சொல்றவங்ககிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வராது." அவ்வளவு இளகிய மனசு அவருக்கு. பட்டறை வாசலுக்கு அழகாகச் சில செடிகள் வைத்துத் தர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "சரி, பழைய பார்ட்ஸ் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு இருக்கு," என்று தலையாட்டிய பிறகுதான் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சைலன்சர் குழாயைப் பிடுங்குவது சுலபமாகத்தான் முடிந்தது. கொடிதான் பாவம். சுற்றிச் சுற்றி ஏறியிருந்ததை விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தரையில் படுக்க வைத்தாள். பூவோடு கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதற்கப்புறம் அந்த வேலியோரமே அவள் போகவில்லை.

பெட்டிக்கு மேடத்தின் அறைக்குப் போக வேண்டியிருந்தது. ஜன்னலோரம் மணி பிளான்ட் தளதளவென்று இருந்தது. அக்கா இலையைத் திருப்பிப் பார்த்தாள், மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தாள், உச்சுக்கொட்டினாள்.

"வேர் அழுகல் மாதிரி தெரியுதும்மா. கொண்டுபோய்ப் பாத்துட்டுத் தர்றேன்."

"நல்லாத்தானே இருக்கு?"

"வெளியில நல்லாத்தாம்மா தெரியும்."

தன் வாய் இவ்வளவு பொய் தாங்கும் என்று அக்காவுக்கே அன்றுதான் தெரிந்தது. மேடம் அரைமனதாகத் தூக்கிக் கொடுத்தார். "இதே தொட்டியிலதான் திரும்ப வரணும். வேற தொட்டி வேண்டாம்."

நர்சரியில் செடியை வாளிக்கு மாற்றி, பெட்டியைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினாள். உள்ளே ஒரு வேர்நுனிகூட விடவில்லை. ஸ்டேஜ் அண்ணன் அடித்துளைகளைப் பசை வைத்து அடைத்தார், புது ஃபில்டர் அட்டை போட்டார், சென்சாரைத் துடைத்தார். தம்பியிடம் பயபக்தியோடு விளக்கினார். இது மூடிய அறை அமைப்பு. வெளிக்காற்று மட்டும்தான் உள்ளே போகும், இஞ்சின் சூடு அண்டாது. புகைக்குழாய் இழுவைக்கென்றே அளவெடுத்தது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. இஞ்சினியர்கள் அந்தப் பெரிய கட்டடத்தில் கூடிப் பேசியதும் இதைத்தான்.

தம்பி சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பிய சத்தம் பட்டறைக்குள் இருந்த பல்லிக்குக்கூடத் தொந்தரவாக இல்லை. அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். 

"ஸ்டேஜ் த்ரீ வேற லெவல்க்கா," என்றான்.

ஐயோ பாவம் என்று இருந்தது அவளுக்கு. தன் வண்டியைத் தனக்கே புதுசு என்று விற்றாலும் வாங்கிக்கொள்கிற பிள்ளை. கழற்றிய பளபளக் குழாயைச் சாக்குப்பை சுற்றி வண்டியின் பின்னால் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தான். ஆசைப்பட்டு வாங்கியது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

குறித்த நாளில் அதே மூட்டை, அதே மரம், அதே ரேம்ப். வண்டி இரண்டாவது கியரில், எதையோ யோசித்துக்கொண்டே படியேறுகிற ஆள் மாதிரி, நிதானமாக ஏறியது. ஒரு கார்கூடக் கத்தவில்லை. முதல் சுற்று. இரண்டாவது. மண் மூட்டையால் முட்டுக் கொடுத்த இடம் வந்தது, போனது. மொட்டை மாடியின் வெளிச்சம் கண்ணில் பட்டதும் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைத் திறக்கிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மேடம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "என் ஆஸ்பத்திரியையே எழுப்பிவிட்டது இதே வண்டிதானா? என்ன செஞ்சீங்க?"

"சர்வீஸ் பண்ணோம்மா," என்றாள் அக்கா.

"ஸ்டேஜ் த்ரீம்மா," என்றான் தம்பி அதே நேரத்தில்.

"அப்படின்னா? காட்டுங்க பாப்போம்."

வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பானெட் திறந்தது. மேடம் குனிந்தார். கறுப்புப் பெட்டியையே பார்த்தார். பிறகு இன்னும் குனிந்து, அதன் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன ஸ்டிக்கரைப் படித்தார். நர்சரியில் ஒவ்வொரு தொட்டியிலும் அக்கா தன் கையாலேயே ஒட்டுகிற ஸ்டிக்கர். உள்பக்கமெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவள் வெளிப்பக்கத்தை மறந்திருந்தாள்.

"'வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றவும். நேரடி வெயில் ஆகாது,'" என்று மேடம் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

அவ்வளவுதான் என்று நினைத்தாள் அக்கா. வேலையும் போச்சு, தம்பியும் போனான். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. மேடம் முன்னாலேயே இப்படி ஒரு அவமானம் அவனுக்கு. அதுவும் கூடப்பிறந்தவள் செய்தது.

"ஆமாம்மா," என்றான் தம்பி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "சூடுதான் இதுக்கு ஆகவே ஆகாது. குளிர்ந்த காத்துதான் வேணும். ஸ்டேஜ் த்ரீயோட விஷயமே அதான்."

"தண்ணி?"

"ரேடியேட்டர்ல பாத்துக்கணும்மா. வாரம் ரெண்டு தடவை பாத்தா நல்லது."

மேடம் அவனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். அத்தனை பெரிய மருத்துவமனையைக் கட்டி மேய்க்கிறவருக்குத் தன் தொட்டி தெரியாமலா இருக்கும்? ஸ்டிக்கரின் ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்ததை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டார்.

"திங்கக்கிழமையிலேருந்து லோடு அடிக்க ஆரம்பிங்க. என் செடிக்கு வேற தொட்டி ஒண்ணு பாத்துக் குடுங்க. இது வண்டியிலேயே இருக்கட்டும்."

திரும்பி வரும் வழிதான் கொடுமை. முன்பெல்லாம் இரைச்சலுக்குள் ஒளிந்துகொள்ளலாம், பேசினாலும் காதில் விழாது என்று பேசாமல் இருக்கலாம். இப்போது மூச்சு விட்டாலே கேட்டது. அக்கா சிக்னலுக்குச் சிக்னல் எதிர்பார்த்தாள், இதோ ஓரங்கட்டப் போகிறான், இதோ இறங்கச் சொல்லப் போகிறான் என்று. அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தான்.

நர்சரியில் வண்டியை நிறுத்தினான். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். நேராகப் பின்பக்கம் நடந்தான். சரி, கிளம்பும் முன் தன் சாமானை எடுக்கப் போகிறான் என்று அக்கா நினைத்தாள். என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமலேயே பின்னால் ஓடினாள்.

வேலியோரம் ஊதாப் பூக்கொடி நிமிர்ந்து நின்றது. தரையில் அவள் படுக்க வைத்த கொடிதான். நடுவில் அதைத் தாங்கிக்கொண்டு, வெயிலில் கண் கூச, ஸ்டேஜ் டூவின் அகலக் குழாய் நட்டமாக நின்றது. தண்டுக்கு வலிக்காமல் அங்கங்கே துணிக்கிழிசலால் கட்டியிருந்தது. கட்டு வேண்டியதே இல்லை, கொடியே இறுகப் பற்றி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. இன்று நட்டதல்ல. பட்டறையிலிருந்து வந்த அன்றைக்கே நட்டிருக்க வேண்டும்.

அக்கா அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ உனக்கு... எப்போ தெரியும்?"

"சாவியத் திருப்பினதுமே. என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"சொன்னா கோவிச்சுக்கிட்டு போயிடுவியேன்னு பயந்தேன்டா."

தம்பி கொடியின் பக்கம் குனிந்தான். தொங்கிய ஒரு நுனியை எடுத்து மெதுவாகக் குழாயின்மேல் சுற்றி விட்டான்.

"எனக்கும் அந்தச் சத்தம் அலுத்துத்தான் போச்சுக்கா. எப்படி எறங்குறதுன்னுதான் தெரியல." பளபளத்த குழாயை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். "இதை வெச்சு வண்டிதான் ஏறல. கொடியாச்சும் ஏறட்டும்."